வலிக்காது சாமி

எங்கள் தொழிலில் ஊசி போடுவது அரை நிமிஷ வேலை. மீதி ஐம்பத்தொன்பதரை நிமிஷமும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆளை வெளியே எடுக்கிற வேலை.

நான் வீட்டுக்கு வீடு போகிற நர்ஸ். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது அம்பத்தூரிலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பினால் ஒரு நாள் வேப்பம்பட்டு, மறுநாள் காட்டுப்பாக்கம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களும் என் கணக்கில் உண்டு. அவர்கள் முனகிக்கொண்டே கையையோ காலையோ நீட்டிவிடுவார்கள். குழந்தைகள்தான் நம் உயிரை வாங்குவார்கள். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவையாவது குழந்தையைக் காலிடுக்கில் கிடத்தி மூக்கில் சொட்டு மருந்து விட்டிருப்பீர்கள். பாதி மருந்து உங்கள் சட்டையில் போயிருக்கும், மீதிப் பாதி தலையணையில். ஆகவே உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

பூச்சாண்டி உத்தியோகம்

எந்த அபார்ட்மெண்டுக்குப் போனாலும் சம்பளமில்லாத ஒரு வேலை எனக்காகக் காத்திருக்கும். சாப்பிடாத குழந்தைகளைப் பயமுறுத்துவது. வானகரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தேன். நான் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் போதும், எதிர் வீட்டுக் கதவு திறக்கும். இடுப்பில் மூன்று வயசுப் பையன், கையில் இட்லித் தட்டு, ஓர் அம்மா. "சிஸ்டர், ஒரே நிமிஷம், அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்பார். நான் திறக்க வேண்டியதுகூட இல்லை, ஜிப்பில் கை வைத்தாலே பையன் பயத்தில் வாயைப் பிளப்பான். இட்லி உள்ளே போகும்.

நாலாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாளைக்கே இவனுக்கு ஜுரம் வந்து நான் நிஜமாவே ஊசியோட வந்து நின்னா, என்கிட்ட வருவானா?" என்று கேட்டேன். அந்த அம்மா நிதானமாகப் பையனின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அது வரும்போது பாத்துக்கலாம் சிஸ்டர். நாளைக்கு எட்டரைக்குள்ள வந்துடுவீங்களா? ஸ்கூல் வேன் வந்துரும்."

நாலு பேர் பிடி

யாழினியை நான் முதலில் பார்த்தது ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை, காட்டுப்பாக்கத்தில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில். ஐந்து வயசு. குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம். "அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே" என்று எல்லாரும் கேட்பார்கள், குழந்தைகளுக்கும் வரும். வலது முட்டி சின்ன தேங்காய் அளவு வீங்கியிருந்தது, காலையில் எழுந்தால் காலை நீட்ட முடியாது. வாரம் ஒரு ஊசி, தொடையில், தோலுக்கு அடியில். ஒழுங்காகப் போட்டால் வீக்கம் வடியும். விட்டுவிட்டுப் போட்டால் மடங்கின முட்டி மடங்கினபடியே நின்றுபோகக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா கார்த்திக், அம்மா சுகன்யா. இருவருக்கும் ஈரோடு, இருவரும் ஐ.டி. வேலை. நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் பட்டாளம் தயாராகிவிட்டது. அப்பா கால் பக்கம், அம்மா தலைப் பக்கம், ஒரு கையைச் சித்தப்பா, இன்னொரு கையை எதிர் ஃபிளாட் ஆன்ட்டி. நாலு பேரும் ஒரே குரலில், "வலிக்காது சாமி, வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்." குழந்தை போட்ட சத்தத்தில் கீழே கேட்டிலிருந்து செக்யூரிட்டி தேசிங்கு மேலே ஓடி வந்துவிட்டார்.

நானும் போட்டுத் தொலைத்தேன். எல்லாரும் கையை எடுத்தார்கள். யாழினி எழுந்து உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாள்: "வலிக்காதுன்னா, எதுக்கு நாலு பேரு புடிச்சீங்க?"

பத்து

அடுத்த சனிக்கிழமை நான் சட்டம் போட்டேன். ஒன்று, இந்த வீட்டில் யாரும் 'வலிக்காது' என்று சொல்லக் கூடாது. இரண்டு, யாரும் பிடிக்கக் கூடாது. அம்மா மடியில் உட்காரட்டும், அது போதும். மூன்று, எந்தத் தொடை என்று அவள் சொல்வாள். நாலு, பத்து வரைக்கும் அவளே எண்ணுவாள், பத்து சொன்ன பிறகுதான் ஊசி. மருந்தை அரை மணி முன்னாடியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். ஜில்லென்று போனால் இன்னும் கடுக்கும். தோல் மரத்துப்போகிற களிம்பையும் ஒரு மணி நேரம் முன்னாடியே தடவச் சொன்னேன்.

கார்த்திக்குக்கு இதில் நம்பிக்கை இல்லை. "வலிக்கும்னு சொன்னா இன்னும் பயப்படுவாளேங்க" என்றார். மனுஷர் பொய் சொல்கிற ஜாதி இல்லை. மகளுக்கு வலிக்கும் என்பதை வாயால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். சரி, சும்மா இருந்தால் போதும் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

யாழினி இடது தொடையைக் காட்டினாள். எண்ண ஆரம்பித்தாள். ஏழு வரைக்கும் ரயில் மாதிரி வந்தது. எட்டில் கொஞ்சம் இழுத்தது. ஒன்பது சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். மறுபடி ஒன்பது. மறுபடி ஒரு ஒன்பது. கடைசியில் பொறுமை போய் சுகன்யாவே "பத்து" என்று சொல்லிவிட, நானும் அதையே சாக்காக வைத்து வேலையை முடித்தேன். அழுகை நின்ற பிறகு, "ஏன்டா கண்ணு பத்து சொல்லலை?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் வந்தது: "எங்க மிஸ் இன்னும் ஒன்பது வரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

வேப்பம்பட்டில் தூங்கினவர்

நடுவில் வேப்பம்பட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். நாலு வயசுப் பையன், வீசிங். மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் வைத்து, மெஷினில் மருந்துப் புகை பிடிக்க வேண்டும். வலியே கிடையாது. ஆனால் மெஷின் உறுமுகிற சத்தத்தில் பையன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தான். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. "நைனா, இங்க பாரு, அப்பா போட்டுக்கினு காட்டறேன்" என்று சொல்லி முன்னே வந்தார். நானும் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி, இன்னொரு மாஸ்க்கை அவர் முகத்தில் மாட்டி, "அப்பா ஒழுங்கா மூச்சு விடறாரான்னு நீதான்டா பாத்துக்கணும்" என்று பையனிடம் பொறுப்பைக் கொடுத்தேன்.

மனுஷர் முந்தின ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர். மூன்றே நிமிஷத்தில் சுவரில் சாய்ந்து குறட்டை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெஷினில் மருந்தை ஊற்றி, பையனின் மாஸ்க்கை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கித் தானே மாட்டிக்கொண்டு, அப்பா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். மெஷின் ஓடி முடிந்தது. "சபாஷ், கெட்டிக்காரன்!" என்று நான் கைதட்டப் போக, அவன் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னை முறைத்தான்: "சும்மா கீறியா? எங்கப்பா தூங்கிக்கினு கீறாரு."

மஞ்சள்

யாழினிக்கு மூன்றாவது மாதத்தில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் ஊசி போட்ட மறுநாள். அந்த மருந்துக்கு அது சகஜம், அதற்கு மாத்திரையும் உண்டு. அப்புறம் ஊசி போடுவதற்கு முன்னாடியே வாந்தி. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, ஸ்கூலில், டிபன் பாக்ஸைத் திறந்ததும் வாந்தி. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்.

எனக்கே கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது. அந்த மருந்து நல்ல மஞ்சள் நிறம். குழந்தையின் வயிறு மஞ்சளையும் குமட்டலையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பருப்பு ஆகாது, பொங்கல் ஆகாது, ஆட்டோவின் மேல்கூரை ஆகாது. நான் ஒரு நாள் தெரியாத்தனமாக மஞ்சள் துப்பட்டா போட்டுக்கொண்டு போய், வாசலிலேயே துப்பட்டாவைக் கழுவ வேண்டியதாகிவிட்டது. ஊசிக்கு மேல் நீல டேப் சுற்றினேன். ஒரு வாரம் ஏமாந்தாள், அடுத்த வாரம் டேப்பின் இடுக்கில் கண்டுபிடித்துவிட்டாள். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல், "இந்த வாரம் வேண்டாம் சிஸ்டர்" என்று இரண்டு சனிக்கிழமை என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஊசி போடாதது முட்டிக்குத் தெரியாமல் போகுமா? மறுபடி வீங்கியது. கார்த்திக் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். அதற்குள் ஆடி பிறந்தது. சுகன்யா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைக்குக் குணமாக வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து, யாழினி கண் விழித்ததும் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டிவிட்டார். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். யாழினி கண் விழித்தாள். போர்வை, மெத்தை, எல்லாம் போச்சு. துணியைக் கழற்றி பீரோவுக்குள் வைக்கச் சொன்னேன். சாமி குற்றமாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சுகன்யா அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஈரோட்டுல எங்கப்பாருக்கு மஞ்சள் மண்டிங்க சிஸ்டர். பேத்திக்கு மஞ்சளே ஆகறதில்லைன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க ஊர்ல போய்ச் சொல்றது?"

என் தப்பு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் முட்டியை நீட்டிப் பார்த்தார், முழுசாக நீளவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை கார்த்திக் வாசலிலேயே என்னை நிறுத்தி, "எப்படியாவது போட்டுடுங்க சிஸ்டர்" என்றார். கண் சிவந்திருந்தது. நான் உள்ளே போனேன். யாழினி, "ஊசியா?" என்று கேட்டாள். "இல்லடா, முட்டிய மட்டும் பாத்துட்டுப் போறேன்" என்றேன். அவள் நம்பி, காலை என் மடியில் நீட்டி, போனில் பொம்மைப் படம் பார்க்க ஆரம்பித்தாள். துணியால் மறைத்துக்கொண்டு போட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டம் போட்டவளே நான்தான். வெட்கமாக இருந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே அம்மாவிடம் போய் நின்று சொன்னாள்: "ஊசி ஆன்ட்டியும் பொய் சொல்றவங்கதான்."

சோதனை

வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமலேயே போனேன். பை இல்லாமல். வீட்டுக்குள் போகாமல் வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். யாழினி கதவுக்குப் பின்னால் நின்றாள், ஒரு கண் மட்டும் தெரிந்தது. "நான் பொய் சொன்னேன். தப்பு. சாரி" என்றேன். ஐந்து வயசுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பாருங்கள், ஆபீசில் மேனேஜரிடம் கேட்பது எவ்வளவோ தேவலை.

இரண்டாவது கண்ணும் எட்டிப் பார்த்தது. "பை எங்க?" என்றாள். கொண்டு வரவில்லை என்றேன். கையை விரிக்கச் சொன்னாள், விரித்தேன். ஹெல்மெட்டைக் கவிழ்க்கச் சொன்னாள், கவிழ்த்தேன். "வண்டியில ஒளிச்சு வெச்சிருப்பீங்க." சரி என்று சாவியைக் கொடுத்தேன். பால்கனியிலிருந்து அவள் மேற்பார்வை பார்க்க, அவள் அம்மா சாவியைக் கீழே போட, தேசிங்கு சீட்டைத் தூக்கிக் குடைந்து பார்த்துவிட்டு, அண்ணாந்து குரல் கொடுத்தார்: "பாப்பா, நல்லா தேடிட்டேன்! ஒரு ரெயின்கோட்டும் கடிச்சு வெச்ச பாதி பன்னும்தான் கீது!"

ஒன்பதுக்கு அப்புறம்

சனிக்கிழமை. இந்தத் தடவை வேப்பம்பட்டுப் பையனை நினைத்துக்கொண்டு, வியாழக்கிழமையே யாழினிக்கு உத்தியோகம் கொடுத்திருந்தேன். ஊசிக்குச் சட்டை போடுவது அவள் பொறுப்பு. அவளே யோசித்து, சித்தப்பாவின் பழைய கறுப்பு சாக்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாள். துவைத்து, நுனியை வெட்டி வைத்திருந்தார் சுகன்யா. அதற்குள் ஊசி நுழைந்ததும் மஞ்சள் துளிகூடத் தெரியவில்லை, முனை மட்டும் வெளியே. யாழினி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்துச் சோதித்தாள். அம்மா மடியில் உட்கார்ந்தாள். சித்தப்பாவையும் எதிர் ஃபிளாட் ஆன்ட்டியையும் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். நான் எல்லாருக்கும் முன்னால் அவளிடம் சொன்னேன்: "நீ பத்து சொல்ற வரைக்கும் நான் போட மாட்டேன். வேற யார் சொன்னாலும் போட மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் சரி."

எண்ணினாள். ஒன்பது. வாயை மூடிக்கொண்டாள். நானும் கையைக் கட்டிக்கொண்டேன். ஃபேன் ஓடியது, கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பூந்தமல்லியில் எனக்காகக் காத்திருந்தவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சுகன்யாவின் உதடு 'ப' என்று குவிந்தது, நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. யாழினி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, வலிக்குமா?"

கார்த்திக்கின் வாய் பழக்கத்தில் திறந்தது. "வலி..." என்று வந்து நின்றது. என்னைப் பார்த்தார். நான் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து தரையில் மண்டி போட்டு, மகளுக்கு நேராக உட்கார்ந்தார். "வலிக்கும் சாமி. நல்லாவே வலிக்கும்."

யாழினி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "பத்து."

யாரும் பிடிக்கவில்லை. போட்டேன், எடுத்தேன், பஞ்சை வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். கார்த்திக்தான் அழுதுகொண்டிருந்தார். யாழினி பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருக்குச் சமாதானம் சொன்னாள்: "நீங்க சொன்ன அளவுக்கு வலிக்கலைப்பா."

யாழினியின் முட்டி இப்போது முழுசாக நீள்கிறது, படியில் அவளே இறங்குகிறாள், நானும் என் பழைய கணக்கைத் திருத்திக்கொண்டுவிட்டேன்: கட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க ஐம்பத்தொன்பதரை நிமிஷம் தாராளமாகப் போதும், ஓர் அப்பாவின் வாயிலிருந்து 'வலிக்கும்' என்கிற ஒரே ஒரு வார்த்தையை வெளியே எடுக்கத்தான் ஐந்து மாதம் பிடிக்கிறது.